கோவேறு கழுதையிடம் கேட்ட யோசனை

1994-ல் நான் ஒரு மெமோ எழுதினேன். என் ஆயுளில் நான் எழுதிய மிகச் சிறந்த ஆங்கிலம் அதுதான். பள்ளிக்கூடத்தில் ரென் அண்ட் மார்ட்டினை உருப்போட்ட பலன் முழுவதும் அந்த ஒன்றரைப் பக்கத்தில் இறங்கியிருந்தது. ‘ஹென்ஸ்ஃபோர்த்’ ஒரு இடத்தில், ‘விதவுட் ஃபெயில்’ இரண்டு இடத்தில். அடித்து முடித்த டைப்பிஸ்ட் அம்மா நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்தார். அதைப் பாராட்டு என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

அப்போது எனக்கு 33 வயது. செக்‌ஷன் ஆபீஸராகப் பிரமோஷன் வந்து முழுசாக 2 மாதம் ஆகவில்லை. எனக்குக் கீழே 11 பேர். கைப்பிடி வைத்த நாற்காலி, அதன் முதுகில் ஒரு வெள்ளைத் துண்டு. அந்தத் துண்டு வந்தவுடன் ஒருவனுக்கு ஒரு தைரியம் வரும் பாருங்கள், அது எம்.பி.ஏ. படித்தாலும் வராது.

பதினொரு பேரில் ஒருவர் ஐம்பதைத் தொடப்போகிற கிளார்க். அதிகம் பேசமாட்டார். தினமும் சாயங்காலம் நாலேகால் ஆனால் குடையை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவார். ஆபீஸ் முடிவது ஐந்தரைக்கு. புது ஆபீஸர் உட்கார்ந்திருக்கிறாரே என்று ஒரு தயக்கம் வேண்டாமோ? குடை என் மேஜையைத் தாண்டி ஆடிக்கொண்டே போகும். மழை பெய்யாத நாட்களிலும் போகும். அதுதான் எனக்கு எரியும்.

இன்னொருவர் இருந்தார். காலையில் கேன்டீனிலிருந்து எனக்கும் சேர்த்துக் காபி கொண்டு வருவார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, “சார், நான் சொன்னேன்னு வெளியில தெரியவேண்டாம்...” என்று ஆரம்பிப்பார். குடைக்காரர் வெளியே சீட்டுப் பிடிக்கிறாராம். ஜூனியர் பையன்களெல்லாம், ‘அவரைக் கேக்காத ஆபீஸர் நம்மள மட்டும் என்ன கேக்கறது’ என்று பேசிக்கொள்கிறார்களாம். காபியும் சூடு, செய்தியும் சூடு.

ஒரு வெள்ளிக்கிழமை. மதியம் சாப்பாடு இல்லை. ஒரு ஸ்டேட்மென்ட் தாமதமானதற்காகத் தலைமை அலுவலகத்திலிருந்து போனில் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தேன். ரிசீவரை வைத்துவிட்டு நிமிர்கிறேன், குடை போகிறது. அரை மணியில் மெமோ தயார். காப்பி ஒன்று அன்றைய தபாலிலேயே தலைமை அலுவலகத்துக்குப் போயிற்று. வீட்டுக்குப் போகிற வழியில் நாலு பேருக்கு நல்லது செய்துவிட்டவன்போல் நடந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அந்த மெமோவின் கார்பன் காப்பியோடு எங்கள் பழைய சூப்பிரெண்டெண்ட் வீட்டுக்குப் போனேன். எதற்கு என்று கேட்காதீர்கள். சபாஷ் வாங்கத்தான். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு ஃபைல் தைக்கக் கற்றுக்கொடுத்தவர். பாளையங்கோட்டையில் சேசு சபைச் சாமியார்களிடம் படித்தவர். நானும் கிறிஸ்தவன்தான், ஆனால் பாலன் பிறந்தால் ஒரு தரம், உயிர்த்தால் ஒரு தரம் கோயிலுக்குப் போகிற ரகம். அவர் தினப்பூசை ரகம்.

கண்ணாடியை ஏற்றிக்கொண்டு நிதானமாகப் படித்தார். மடித்து என்னிடமே கொடுத்தார்.

“எழுதும்போது எப்படி இருந்துச்சு தம்பி?”

“ஜம்முன்னு இருந்தது சார்.”

“இப்ப எப்படி இருக்கு?”

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. வெள்ளிக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கே அந்த ஜம்மென்று இருந்தது வடிந்துவிட்டது. சனிக்கிழமை முழுக்க, பலகாரம் தீர்ந்தபின் கையில் ஒட்டியிருக்கும் எண்ணெய் மாதிரி ஏதோ ஒன்று. சபாஷ் தேடி நான் கிளம்பியதே அதனால்தான் என்று அவர் வீட்டுத் திண்ணையில்தான் புரிந்தது.

“கடைசியில என்ன ருசி நிக்குதுன்னு பார்க்கணும். இனிகோ கதை தெரியுமா ஒனக்கு?” என்றார்.

லயோலா என்றதும் நம்மில் பலருக்கு 1925-ல் தொடங்கிய நுங்கம்பாக்கம் காலேஜ்தான் ஞாபகம் வரும். அசல் லயோலா, ஸ்பெயினின் வடக்கே பாஸ்க் பிரதேசத்தில் ஒரு பிரபுக் குடும்பத்தின் கோட்டை வீடு. 1491-ல் அங்கே பிறந்தவர் இனிகோ. பிற்காலத்தில் இஞ்ஞாசியார். இளவயதில் சாமியார் களை சுத்தமாகக் கிடையாது. உடை, வாள், பெண்கள், வீண் வீறாப்பு. 1521 மே 20 அன்று பாம்ப்லோனா கோட்டையைப் பிரெஞ்சுப் படை தாக்கியபோது, ‘தாக்குப்பிடிக்க முடியாது, சரணடைந்துவிடுவோம்’ என்று எல்லோரும் நினைத்தார்கள். கூடாது என்று பேசிப் பேசித் தளபதியைச் சண்டைக்கு இழுத்தவர் இவர். நன்றாகப் பேசத் தெரிந்தவன் தலைமைக்குப் பக்கத்தில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம். பீரங்கிக் குண்டு வந்து ஒரு காலை நொறுக்கி, இன்னொரு காலையும் பதம் பார்த்தது. அவர் விழுந்த உடனே கோட்டை சரணடைந்தது!

எலும்பு கோணலாகச் சேர்ந்துகொண்டது. முழங்காலுக்குக் கீழே ஒரு துருத்தல். இறுக்கமான பூட்ஸ் போட்டால் அசிங்கமாகத் தெரியும் என்று, மயக்க மருந்து இல்லாத அந்தக் காலத்தில், அதை ரம்பத்தால் அறுக்கச் சொல்லிப் படுத்தார் மனிதர். நம்ம ஊர் ஹீரோக்கள் தோற்றார்கள்.

படுக்கையில் பொழுது போகவில்லை. வீரதீரக் காதல் கதைப் புத்தகம் கேட்டார். அந்த வீட்டில் அது இல்லை. இருந்தவை ஏசுவின் வாழ்க்கை வரலாறு ஒன்று, புனிதர்களின் கதைகள் ஒன்று. வேறு வழியில்லாமல் படித்தார். படிக்காத நேரத்தில் பகல் கனவு. ஒரு சீமாட்டிக்காக என்னென்ன சாகசம் செய்யலாம், அவளிடம் என்ன வசனம் பேசலாம் என்று சில சமயம் 3, 4 மணி நேரம் ஓடும். இன்னொரு கனவு, பிரான்சிஸ், டொமினிக் போன்ற புனிதர்கள் செய்ததையெல்லாம் நானும் செய்தால் என்ன என்று. இரண்டுமே நினைக்கும்போது இனித்தன. நினைத்து முடித்த பிறகுதான் வித்தியாசம். முதல் கனவு கலைந்தால் மனசு வறண்டு போயிற்று. இரண்டாவது கலைந்த பிறகும் சந்தோஷம் தங்கியது. ரொம்ப நாள் இதை அவர் கவனிக்கவே இல்லை. ஒருநாள் கவனித்தார். 500 வருஷமாக அவருடைய சபை கற்றுத்தருகிற வித்தைக்கு விதை அந்த ஒரு நாள் கவனிப்புதான்.

பைபிளில் இதற்கு ‘ஆவிகளைப் பகுத்தறிதல்’ என்று பெயர். தமிழ்நாட்டில் பகுத்தறிவு என்றால் வேறு ஒரு பாசறை ஞாபகம் வரும் என்பதால் இந்த இடத்தில் நான் கொஞ்சம் மெதுவாகப் பேசுகிறேன். விஷயம் இதுதான். உள்ளே பேசுகிற குரல்களில் எது யாருடையது என்று பிரித்துப் பார்ப்பது. என் மெமோவை எழுதியது ஒழுங்கு, கட்டுப்பாடு, நிர்வாகம் என்று நான் நினைத்தேன். எழுதியது அந்த வெள்ளைத் துண்டு.

திங்கட்கிழமை குடைக்காரரைக் கூப்பிட்டேன். அதற்கும் சூப்பிரெண்டெண்ட் சார்தான் யோசனை தந்தார். இஞ்ஞாசியாரின் ஆன்மிகப் பயிற்சிப் புத்தகம் 1548-ல் அச்சானது. அதில் பயிற்சி கொடுப்பவருக்கும் எடுப்பவருக்கும் தொடக்கத்திலேயே ஒரு நிபந்தனை உண்டு. அடுத்தவர் சொன்னதை முடிந்தவரை நல்ல அர்த்தத்தில் எடுத்துக்கொள். முடியாவிட்டால், எந்த அர்த்தத்தில் சொன்னாய் என்று அவரையே கேள். “நீ கேட்டியா?” என்றார் சார். நான் கேட்கவில்லை. 2 மாதத்தில் ஒருநாள்கூட.

“காலையில ஒன்பது மணிக்கே வந்துடறேன் சார்” என்றார் குடைக்காரர். “அம்மா படுக்கையில இருக்காங்க. பகல்ல பார்த்துக்கற தங்கச்சிக்கு அஞ்சு மணி ஷிஃப்டு. அதுக்குள்ள நான் போய் நிக்கணும். பழைய ஆபீஸர் வாயால பர்மிஷன் குடுத்திருந்தார். உங்ககிட்டயும் சொல்லியிருப்பார்னு நெனச்சேன்.”

பத்து மணிக்கு நான் உள்ளே நுழையும்போது தபால் எல்லாம் பிரித்து, தேதி முத்திரை குத்தி, பிரிவுவாரியாக அடுக்கி என் மேஜைமேல் இருக்கும். 2 மாதமாக இருந்தது. யார் செய்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. சீக்கிரம் போகிற குடை மட்டும் கண்ணில் பட்டது.

சீட்டு? உண்மைதான். தெருவில் 12 பேர் சேர்ந்து பிடிக்கிற சீட்டு. காபிக்காரர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்பதுதான் இதில் விசேஷம். இஞ்ஞாசியார் இதைப் பற்றியும் எழுதியிருக்கிறார். கெட்டது எப்போதும் கெட்டதுபோல் வராது, ஒளியின் தூதன் வேஷத்தில் வரும். முதல் படியும் நடுப் படியும் நன்றாகவே இருக்கும், போய்ச் சேருகிற இடத்தைப் பார் என்கிறார். அவருடைய இன்னொரு விதி எனக்கு ஆபீஸில் அடிக்கடி உபயோகமாகியிருக்கிறது. நம்மைக் கெடுக்க வருகிற குரல், ஒரு பெண்ணை ஏமாற்றப் பார்க்கிற காதலன் மாதிரி நடந்துகொள்ளுமாம். ‘உங்க அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதே’ என்பதுதான் அவனுக்கு முக்கியம். அவள் போய்ச் சொல்லிவிட்டால் அவன் ஆட்டம் முடிந்தது. ‘நான் சொன்னேன்னு தெரியவேண்டாம் சார்’ என்று ஆரம்பிக்கிற எந்தச் செய்திக்கும் அதற்குப்பின் நான் காபியை மட்டும் குடித்துவிட்டு, “அவரையும் கூப்பிடுங்க, சேர்ந்து பேசிடலாம்” என்று சொல்ல ஆரம்பித்தேன். 3 வாரத்தில் காபி நின்றுவிட்டது.

மெமோவை ரத்து செய்து கடிதம் அனுப்பினேன். ஆனால் பாருங்கள், மெமோ எக்ஸ்பிரஸ் ரயிலில் போகிறது, மன்னிப்பு மாட்டு வண்டியில் போகிறது. அந்த வருஷம் அவருக்கு வரவேண்டிய பதவி உயர்வு ஒரு வருஷம் தள்ளிப்போயிற்று. நான் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். “பரவாயில்ல சார்” என்றார். அதற்குப்பிறகு ஆபீஸ் விஷயம் தவிர என்னிடம் ஒரு வார்த்தை அதிகம் பேசியதில்லை.

இவ்வளவு பட்டபிறகு எனக்கும் முடிவெடுக்கிற விஷயத்தில் பக்தி வந்துவிட்டது. பக்தி வந்தால் முதலில் வருவது குறுக்கு வழிதான். என் மனைவி வீட்டார் சி.எஸ்.ஐ. புது வருஷ ஆராதனையில் அவர்களுக்கு வாக்குத்தத்த அட்டை கிடைக்கும். அது நல்ல வழக்கம்தான். நான் அதை லீவு சாங்ஷன் பண்ண உபயோகித்தேன். கண்ணை மூடிக்கொண்டு பைபிளைத் திறந்து விரல் வைத்துப் பார்ப்பதும் உண்டு. இன்க்ரிமென்ட் ஃபைலுக்காக விரல் வைத்தபோது, யாரோ யாரையோ பெற்றான் என்று ஒரு வம்ச அட்டவணை வந்தது. பையன் அப்பாவானதுக்கு இன்க்ரிமென்ட்டா என்று அரை மணி யோசித்தேன்.

இதைச் சொன்னபோது சூப்பிரெண்டெண்ட் சார் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். “இனிகோவே இதப் பண்ணியிருக்காரு!” என்றார்.

1522-ல் கால் தேறி, மோன்செராத் மடத்துக்குக் கோவேறு கழுதையில் போகிறார் இனிகோ. வழித்துணையாக ஒரு மூர் இனத்தவர் வருகிறார். மரியாளின் கன்னிமையைப் பற்றிப் பேச்சு வருகிறது. அவர் தமக்குச் சரியென்று பட்டதைச் சொல்லிவிட்டு முன்னால் போய்விடுகிறார். இவருக்கு நேரம் போகப்போக ஆத்திரம். மாதாவைக் குறைத்துப் பேசியவனைச் சும்மா விட்டோமே, துரத்திப்போய்க் கத்தியால் குத்துவதா, விடுவதா? யோசித்து யோசித்து அலுத்துப்போய், கடிவாளத்தைத் தளர்த்திவிட்டார். வழி பிரியும் இடத்தில் கழுதை ஊருக்குள் போகும் பாதையில் திரும்பினால் குத்து. நெடுஞ்சாலையிலேயே போனால் விட்டுவிடுவது. ஊர் கிட்டத்தில்தான் இருந்தது. அதற்குப் போகும் பாதையும் அகலமாக நன்றாகவே இருந்தது. கழுதை நெடுஞ்சாலையில் போயிற்று.

ஒரு மனிதரின் உயிரையும், பின்னால் உலகம் முழுக்கப் பள்ளிக்கூடம் நடத்தப்போகிற ஒரு சபையையும் அன்றைக்குக் காப்பாற்றியது ஒரு கோவேறு கழுதை. கடைசிக் காலத்தில், 1553-லிருந்து 1555-க்குள், தம் கதையை ஒரு சீடரிடம் சொல்லி எழுதவைத்தபோது இஞ்ஞாசியார் இதை மறைக்கவில்லை. அப்போது எனக்கு நல்லெண்ணம் இருந்தது, கண்தான் தெரியவில்லை என்கிற தோரணையில் சொல்லியிருக்கிறார். தலைவனாக இருந்த ஒருவர் தம் முட்டாள்தனத்தைத் தாமே டிக்டேட் பண்ணியது எனக்கு அவர்மேல் இருந்த பயத்தைப் போக்கிவிட்டது.

நம் இடத்தில் கழுதைகள் வேறு வேறு உருவத்தில் இருக்கின்றன. பூக்கட்டிப் பார்ப்பது, காசு சுண்டுவது, ஜாதகக் கட்டம். எல்லாவற்றிலும் மோசமானது கோயில் கமிட்டிகளில் நான் பார்த்தது. கணக்குக் கேட்டால் ஒருவர் எழுந்து, “ஜெபம் பண்ணிட்டேன், ஆண்டவர் என்கூடப் பேசிட்டார்” என்பார். முடிந்தது! ஆண்டவரை எதிர்த்து யார் கையைத் தூக்குவது? இது பகுத்தறிதல் இல்லை, வாய்ப்பூட்டு. சாலொமோன் ராஜா வரம் கேட்ட இடத்தில், எபிரேய மூலத்தில் இருப்பது ‘கேட்கிற இதயம்’ என்ற அர்த்தமுள்ள வார்த்தையாம். காதால் கேட்கிற கேட்பு. ஆண்டவர் தன்னிடம் மட்டும்தான் பேசுவார் என்று நினைப்பவருக்கு அது எதற்கு?

இனிகோவும் நண்பர்களும் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். 1539, ரோம் நகரம். 10 பேர். அதில் ஒருவர் பிரான்சிஸ் சவேரியார், 1542-ல் நம் முத்துக்குளித்துறைக் கடற்கரைக்கு வந்தவர். கேள்வி இதுதான்: நமக்குள்ளே ஒருவரைத் தலைவராக்கி, அவர் சொன்னபடி கேட்பதாக வார்த்தைப்பாடு கொடுப்பதா வேண்டாமா? பகலெல்லாம் வேலை, ராத்திரி கூட்டம். அவரவர் தனியே ஜெபிக்கவேண்டும், ஒருவர் மனசை இன்னொருவர் கலைக்கக்கூடாது, தனக்குச் சம்பந்தமில்லாத வெளியாள்போல் யோசிக்கவேண்டும். ஒருநாள் எல்லோரும் வேண்டாம் என்பதற்கான காரணங்களை மட்டும் சொல்லவேண்டும். வேண்டும் என்று ஆசைப்படுகிறவரும் அன்றைக்கு வேண்டாம் என்பதற்குத்தான் காரணம் தேடவேண்டும். மறுநாள் வேண்டும் என்பதற்கு மட்டும். சுமார் 3 மாதம் நடந்து, ஜூன் 24-ல் முடிந்தது. 1541-ல் இஞ்ஞாசியாரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தபோது அவர் ஒப்புக்கொள்ளாமல் மறுபடி ஓட்டுப் போடச் சொன்னார். மறுபடியும் அவரே வந்தார். அதற்குப்பிறகும் 3 நாள் தம் பாவசங்கீர்த்தன குருவிடம் போய்த் தம் குறைகளையெல்லாம் சொல்லி, அவர் ‘ஏற்றுக்கொள்’ என்றபின்தான் ஏற்றார். நான் துண்டு போட்ட நாற்காலியில் உட்கார எடுத்துக்கொண்ட நேரம் 3 நிமிஷம்.

1998-ல் எனக்கு இந்த முறை கைகொடுத்தது. எங்கள் பிரிவிலிருந்து ஒருவரைத் தர்மபுரிப் பக்கம் திறந்த புது அலுவலகத்துக்கு அனுப்பவேண்டும். பெயர் நான் கொடுக்கவேண்டும். தகுதி இரண்டு பேருக்கு. ஒருவர் கல்யாணமாகாத பையன். இன்னொருவர் யார்? நம்ம பழைய காபிக்காரர்.

உள்ளே ஒரு குரல் உடனே எழுந்து நின்று, ‘நீதி, நீதி’ என்றது. ரொம்ப நல்ல குரல். குடைக்காரருக்காகப் பேசுகிற குரல் மாதிரியே இருந்தது. 1994-ல் நான் கேட்ட அதே குரல் கட்சி மாறி வந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு ராத்திரி ஆயிற்று. அன்றைக்கு ஒரு பழைய டைரியில், காபிக்காரரை அனுப்பக்கூடாது என்பதற்கான காரணங்களை மட்டும் எழுதினேன். கை வரவில்லை. ஆனாலும் 4 வந்தது. கணக்கில் புலி, ப்ளஸ் டூ படிக்கிற மகள்... இப்படி. மறுநாள் அனுப்பலாம் என்பதற்கு. அது மளமளவென்று 9. ஒவ்வொன்றையும் திரும்பப் படித்தேன். 9-ல் 6 அவரைப் பற்றியதே இல்லை, என்னைப் பற்றியது. அடித்தேன். மிச்சம் 3. மனசு வறண்டிருக்கும்போது எடுத்த முடிவை மாற்றாதே என்று ஒரு விதி உண்டு. அதையே கொஞ்சம் நீட்டி, கோபமாக இருந்த அந்த வாரம் கையெழுத்துப் போடாமல் அடுத்த வாரம் போட்டேன். இரண்டு பேரையும் தனித்தனியே கூப்பிட்டும் கேட்டேன்.

பையனைத்தான் அனுப்பினேன். அவன் என்னை 2 வருஷம் திட்டினான். காபிக்காரர் தப்பித்துக்கொண்டதாக ஆபீஸில் ஒரு பேச்சு. அது சரியான முடிவா என்று யாராவது கேட்டால் இன்றைக்கும் என்னால் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் கையில் அந்த எண்ணெய்ப் பிசுக்கு இல்லை.

பிற்பாடு சாயங்கால பஸ்ஸில் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். இஞ்ஞாசியார் தினமும் 2 தரம் செய்யச் சொன்ன மனப்பரிசோதனை, என் வசதிக்கு ஒரு தரம். இன்றைக்கு எந்த ஃபைலில் எனக்குக் குஷி வந்தது, ஏன்? யாரைப் பார்த்ததும் எரிந்தது, ஏன்? இரண்டு ஸ்டாப்பிங் தூரம் போதும். கூட்டத்தில் நின்றுகொண்டே செய்யலாம், கம்பியைப் பிடித்துக்கொள்ள மட்டும் மறக்கக்கூடாது. பலநாள் பதில் ஒன்றுதான்: மேலதிகாரியிடம் வாங்கியதைக் கீழே இறக்கியிருப்பேன்.

குடைக்காரர் 2003-ல் ஓய்வு பெற்றார். பிரிவு உபசாரம் முடிந்து, மாலையைக் கையில் சுருட்டிக்கொண்டு என் அறைக்கு வந்தார். இனிப்புப் பொட்டலம் ஒன்றை மேஜையில் வைத்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு பழைய தாளை எடுத்துப் பிரித்தார். மடிப்பெல்லாம் கிழிந்து செல்லோ டேப் ஒட்டியிருந்தது. என் கையெழுத்து தூரத்திலிருந்தே தெரிந்தது.

“உங்ககிட்டயே திருப்பிக் குடுத்துட்டுப் போயிடலாம்னு எடுத்துட்டு வந்தேன் சார்” என்றார்.

நான் கையை நீட்டினேன்.

அவர் ஒருமுறை தாளைப் பார்த்தார். மறுபடி மடித்தார்.

“வேண்டாம், இருக்கட்டும். பையன் பரீட்சைக்கெல்லாம் எழுதறான். இங்கிலீஷ் ரொம்ப நல்லா இருக்கு சார்” என்று சொல்லி, பையில் வைத்துக்கொண்டு, குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.